தம்பிக்கு, சித்திரை லீவுக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க மாரியம்மா துணை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

சித்திரை வருஷத்துக்கு நீயும் உன்கூட வேலை செய்கிற பிள்ளைகள் மூன்று நாலு பேரும் வருவதாகத் தங்கச்சி சொன்னாள். பஸ்ஸிலா ரயிலிலா என்று கேட்டதற்கு, "வருவாங்கப்பா" என்றுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விட்டாள். அவள் போனுக்கு ஏதோ படம் வந்திருக்கிறதாம், பணிய லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தாயிற்று. நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. உன் கூட்டாளிகளில் யாராவது பைக்கில் வருவதாக இருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டு. போனிலேயே சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் போன் வருகிற வீடாகத்தான் இது இருந்தது.

முதலில் நேரம். கடை பூட்டி, சாப்பிட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் கொழும்பை விட்டால் கித்துல்கலை தாண்டும்போது நடுச்சாமம். அங்கிருந்துதான் ஏற்றமே. கினிகத்தேனை, வட்டவளை, கரோலினா என்று பனி இறங்கி நிற்கிற இடமெல்லாம் அரைத்தூக்கத்தில் வரும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் போனது விடியற்காலையில். அதே வருஷம் செப்டம்பரில் எல்ல–வெல்லவாய ரோட்டில் பதினைந்து பேர் போனது இரவில். காலை ஐந்து மணிக்குக் கொழும்பை விடச் சொல். ஏற்றத்தைத் தொடும்போது வெளிச்சம் நன்றாக வந்திருக்கும். சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு மேல் இடி மழை, அதற்குள் ஹட்டன் தாண்டி டிக்கோயாவைப் பிடித்துவிட வேணும். நேரம் தவறினால் கித்துல்கலையில் தங்கிக்கொள், காசு நான் தருகிறேன். இருட்டில் கினிகத்தேனைக்கு மேல் ஏறாதே.

ஏற்றத்தில் பயமில்லை, வண்டி தானே மெதுவாகும். திரும்பிப் போகிற இறக்கம்தான் ஆளைக் கொல்லும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்க வேணும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் உங்கள் வயதுப் பிள்ளைகளிடம் உண்டு, மிச்சமாகிற பெற்றோல் ஒரு பிளேன்டீக்குக் காணாது. வேகத்தை எஞ்சின் பிடிக்க வேணும், பிரேக் அதற்குத் துணைக்கு மட்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிப் பிடி விடும், அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கும் ஏறும். டொட் 4 ஒயில் புதிதில் 230 பாகை வரை கொதிக்காது. அது காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும், குடித்த பிறகு 155க்கே கொதிக்கப் பார்க்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டிலில் போய் முட்டும், வண்டி நிற்காது. அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றச் சொல்கிறார்கள். பழைய பைக்கை யாரிடமாவது வாங்கியிருந்தால் கடைசியாக எப்போது மாற்றினான் என்று கேட்காதே, பொய் சொல்வான். மாற்றிவிடு.

கருகின வாசம் வந்தாலோ லீவர் உள்ளே போனாலோ நிறுத்து. அரை மணி நேரம் சும்மா விடு. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதே, வளைந்துபோகும். ஓடும்போதே பிரேக் போய்விட்டால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மேட்டுப் பக்கத் தண்ணீர்க் கானிலோ மண் திட்டிலோ ஏற்று. பள்ளத்துப் பக்கம் மட்டும் போகாதே. கியரில்லாத ஸ்கூட்டியாக இருந்தால் இன்னும் கவனம். வேகம் ரொம்பக் குறைந்தால் அதன் கிளச் தானாக விட்டுவிடும், எஞ்சின் பிடிக்காது, வண்டி உருளும். கொஞ்சம் எக்ஸலேட்டர் கொடுத்தால் திரும்பப் பிடிக்கும். இது தெரியாமல் ரெண்டு பிரேக்கையும் நசுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைத்தான் வளைவு முடக்குகளில் பார்க்கிறோம். நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டுப் பக்கம் யாரும் ஆசைப்பட வேண்டாம். 2023 ஜனவரி 20ஆம் திகதி ஏழு உயிர் போன இறக்கம் அது.

முடக்கில் பிரேக் பிடிக்காதே. முடக்குக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து, கியரைக் குறைத்து, அப்புறம் திருப்பு. வலது பக்கம் திரும்புகிற முடக்கில் ரெண்டு சங்கதி. ஒன்று, எதிரே வருகிற நீட்டு பஸ் தன் பின்சக்கரத்தைக் காப்பாற்ற மூக்கை உன் பக்கம் நீட்டித்தான் ஆக வேணும், அது டிரைவரின் திமிர் இல்லை. இன்னொன்று, பைக்கைச் சாய்க்கும்போது சக்கரம் உன் பக்கம் இருந்தாலும் தலை வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். இடது ஓரமாகவே இரு. ஆனால் தாரை விட்டு இறங்காதே, மழை பெய்த கரை மண் கால் வைத்தாலே சரியும். ஹோர்ன் அடித்து, பதில் கேட்டு, பிறகு திரும்பு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் இடம் கொடுக்க வேணும், லொறி ஒரு தடவை நின்றால் ஏற்றத்தில் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாததா. முடக்கில் தாரில் வானவில் மாதிரி நிறம் தெரிந்தாலோ டீசல் வாசம் அடித்தாலோ பஸ் டாங்கி சிந்தியிருக்கிறது. டர்பன்டைன் மரத்து இலை விழுந்து நனைந்து கிடக்கிற இடமும் அப்படித்தான்.

பனியில் பெரிய லைட் போடாதே, முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். டிம்மில் போட்டு, இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டு. முன்னால் போகிறவனின் சிவப்பு லைட்டை நம்பிப் போனால் அவன் விழுகிற இடத்தில் நீயும் விழுவாய்.

டயரில் காற்று, செயின் தளர்ச்சி எல்லாம் வண்டியிலேயே ஒட்டியிருக்கும், பார்த்துச் செய்யச் சொல். பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயருக்குக் காற்று கூட வேணும். அந்தப் பிள்ளைக்கும் ஹெல்மட் வேணும், அதன் பட்டி நாடிக்குக் கீழே பூட்டியிருக்க வேணும். யாரை ஏற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

கூட்டாளிகள் சிவனொளிபாதமலை ஏற ஆசைப்படுகிறார்களாம். நல்லது. வெசாக் பௌர்ணமி வரை சீசன்தான், நல்லதண்ணிப் பக்கம் படியெல்லாம் லைட் எரியும், கடையும் இருக்கும். ஐயாயிரத்துக்கு மேல் படி. கொழும்புப் பிள்ளைகள் முதல் ஆயிரத்தை ஓடி ஏறிவிட்டுக் கடைசி ஐந்நூறில் உட்காருவார்கள். உச்சி 2,243 மீற்றர், வேர்த்த பெனியனோடு அங்கே காற்றில் நின்றால் பல் கிட்டும். காய்ந்த சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப்போய் உச்சியில் மாற்ற வேணும். இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்தால் முழங்கால் தப்பும். ஏறி இறங்கின அன்றைக்கே யாரும் பைக் எடுக்கக் கூடாது. தூக்கமில்லாத உடம்பு, நடுங்குகிற கால், அதோடு இறக்கம். வேண்டாம்.

தேயிலைக்குள்ளே போட்டோ எடுக்க இறங்குவார்கள், அதுதான் எனக்கு ரோட்டுக்கு அடுத்த பயம். கவ்வாத்து வெட்டின மலையில் ஒவ்வொரு செடி முட்டும் சீவின கூராக நிற்கும், தடுக்கி விழுந்தால் வயிற்றிலேயே ஏறும். வெட்டாத மலையில் செடி மூடிக் கான் தெரியாது, கால் முறியும். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல். குளவிக்கூடு உள்ள பாறைப் பக்கமும் பெரிய மரத்துப் பக்கமும் சென்ட் பூசிக்கொண்டு போகக் கூடாது, கல்லெறியக் கூடாது, புகை கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடி, ஓட வேணும். லயம், ஸ்டோர், வண்டி எது கிட்டவோ அதற்குள். கொடுக்குத் தோலில் நின்றால் நகத்தால் சுரண்டி எடு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு விஷம் ஏறுவது குறையும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மஞ்சளும் சுண்ணாம்பும் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி. நாயைக் கூட்டிக்கொண்டு விடியலிலும் பொழுது சாய்ந்தும் மலைக்குள் போகக் கூடாது, சிறுத்தை நாயைப் பிடிக்க வரும்.

ஆற்றில் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் தேயிலைச் சாயத்துக்கு மாறினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ துணியைத் தேடாமல் கரையேற வேணும். நோர்ட்டன், கெனியன், லக்சபான அணைகளுக்குக் கீழே குளிக்கவே வேண்டாம், கதவு திறந்தால் ஓட நேரமிருக்காது.

நம்ம டிவிசன் சங்கதி. வைகாசியில் பெருமழை தொடங்குவதற்குள் மேட்டு லயத்துக்குப் பின்னால் இருக்கிற கானை வெட்டிவிட வேணும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டித்வா புயலில் மண் இறங்கி அடைத்தது அப்படியே கிடக்கிறது. நீ வருகிற நேரம் உன் கூட்டாளிகளையும் மண்வெட்டியோடு ஒரு நாள் நிறுத்து. மழை அளக்கிற போத்தலும் உடைந்துவிட்டது. பக்கம் நேராக இருக்கிற பெரிய சோடாப் போத்தல் கொண்டு வா, கழுத்தை வெட்டி வாய்க்குள் தலைகீழாகச் செருகலாம். அடி வளைவாக இருக்கும், அந்த அளவுக்குச் சீமெந்து ஊற்றி, அதற்கு மேலிருந்துதான் ஸ்கேலை ஒட்ட வேணும். காலை எட்டரைக்கு எட்டரை பார்க்கிறோம். 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் மூட்டை கட்டு, 150 என்றால் எழும்பிப் போ. ஒரு மணித்தியாலத்திலேயே 75 விழுந்தாலும் எழும்பிப் போ. ரேடியோவில் நம்ம இடத்துப் பேர் சொல்கிறவரைக்கும் காத்திருப்பது முட்டாள்தனம். நிலத்தில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, ஊற்று கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, இதில் ஒன்று கண்டாலும் போத்தலையும் பார்க்க வேண்டாம். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்க எவ்வளவு நேரம் எடுத்தது? ரோட்டில் மண் சரிந்து கிடந்தாலும் அதே கதைதான், கீழே நின்று படம் பிடிக்காதே. முதல் சரிவுக்குப் பின்னால் ரெண்டாவது வரும்.

முதலுதவி படித்தவன் நீ ஒருத்தன்தான். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறோம், வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா காட்டுகிறாள். படித்தவன் கொழும்பில், விழுகிறவர்கள் இங்கே. பரவாயில்லை, வருகிற ரெண்டு நாளிலாவது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. வண்டி விழுந்ததும் எல்லோரும் பள்ளத்துக்குள் ஓடுகிறார்கள், ரோட்டில் ஆளில்லை, அடுத்த வண்டி வந்து மோதுகிறது. முதலில் ரெண்டு பக்கமும் முடக்குக்கு அப்பால் ஆள் நிற்க வேணும், டோர்ச்சோடு. 1990 அம்புலன்சுக்கு அடித்தால் கிலோமீற்றர் கல்லின் நம்பர், தோட்டத்துப் பேர், டிவிசன், எந்தச் சந்தியில் ஆள் நிற்கிறது, நாலையும் சொல்ல வேணும். "கோயிலுக்குக் கிட்ட" என்றால் எந்தக் கோயில்? மூச்சு இருந்தால் ஹெல்மட்டைக் கழற்றக் கூடாது, கழுத்தை அசைக்கக் கூடாது. முதுகு அடிபட்டவனை மடக்கி ஆட்டோவுக்குள் திணிப்பதைத்தான் நிறுத்த முடியவில்லை. ரெண்டு மூங்கில், மூன்று உர பேக். பேக்கின் அடி மூலைகளை வெட்டி மூங்கிலைக் கோர்த்தால் ஸ்ட்ரெச்சர் ஆயிற்று. ஏற்றத்தில் தலை முன்னால், இறக்கத்தில் கால் முன்னால். இதை ஒரு தடவை ஆள் படுக்க வைத்துத் தூக்கிப் பழக வேணும், படம் வரைந்து காட்டினால் போதாது.

வரும்போது ஸ்வீட் பெட்டி வேண்டாம். சிவப்பு வெள்ளை ரிப்லெக்டர் டேப் ரெண்டு ரோல், வெள்ளைப் பெயின்ட் ஒரு கேலன். பணிய லயத்து முடக்கில் ஓரக் கல்லெல்லாம் புல் மூடிவிட்டது. குவிந்த கண்ணாடி விலை விசாரி, கண்ணாடியாக வேண்டாம், பிளாஸ்டிக்காகப் பார், பொடியன்கள் கல் எறிகிறார்கள். அது வந்தாலும் பனியில் மங்கும், ஹோர்னை விடக் கூடாது.

புறப்படும்போது ஒரு தடவை, கித்துல்கலையில் ஒரு தடவை தங்கச்சிக்காவது சொல். இருட்டினால் கினிகத்தேனைக்கு மேல் ஏறாதே.

மாட்டுக் கொட்டிலை ஒட்டி மழை படாத பக்கம் படங்கு கட்டியிருக்கிறேன், ஒரு பைக் நிற்கும். உன் கூட்டாளியின் பைக் என்ன மாடல், எந்த வருஷம் என்று எழுது. முன் டிஸ்க் பேட் ஹட்டனில் வாங்கி வைக்கிறேன். மாடல் சரியாக வேணும், பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா