தங்கச்சிக்கு, அந்த மிதிவெடி பற்றி

தங்கச்சி,

நாளைக்கு மருமகனுக்கு 10 வயசு. போன வருசம் மண்டபத்திலை நடந்ததை நீயும் மறந்திருக்கமாட்டாய். இதைச் சனம் வாசிக்கும், அதாலை அவன்ரை நிறையை இங்கை எழுதேல்லை. 

அவன்ரை கையிலை இருந்த மூண்டாவது மிதிவெடியை, அந்த முட்டை வைச்சுப் பொரிச்ச பெரிய ரோலை, நான் பறிச்சன். அவன் அழேல்லை. சேர்ட்டைக் கீழை இழுத்து வயித்தை மூடினவன். அந்த இழுப்புத்தான் இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது. மன்னிச்சுக்கொள். ஆனா "பிள்ளை இல்லாதவனுக்கு என்ன தெரியும்" எண்டு நீ அம்மாவுக்குச் சொன்னதும் என்ரை காதுக்கு வந்தது. பிள்ளையளின்ரை வளர்ச்சி வரைபடங்களைப் பாக்கிறதுதானே என்ரை வேலை?

டொக்டர் காட்டினது வெறும் நிறை இல்லை, வயசுக்கேத்த பி.எம்.ஐ., உயரத்தோடை சேத்துப் பாக்கிற நிறை. கனடாவிலை பாவிக்கிற வரைபடத்திலை 85ஆவது கோட்டுக்கு மேலை, அதாவது அதே வயசுப் பிள்ளையள் 100 பேரிலை 85 பேரை விடக் கூட எண்டா அதிக எடை, 97க்கு மேலை உடற்பருமன். ஒரு புள்ளியை வைச்சுப் பயப்பிடாதை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா வைக்கிற புள்ளி கோடு தாண்டி ஏறுதோ எண்டு பார். பட்டினி போடாதை. வருசம் அஞ்சாறு சென்ரிமீற்றர் வளருற வயசு, நிறை கூடாமல் நிண்டாலே பெரிய காரியம். பறிச்சா ஒளிச்சுத் தின்னப் பழகுவான். தெரிஞ்சுகொண்டுதான் நான் பறிச்சன், அதுதான் வெக்கம்.

நாளுக்கு 60 நிமிசம் மூச்சு வாங்க ஓடோணும், துண்டு துண்டாயும் ஓடலாம். செவ்வாய், வியாழன் ரியூசன், சனி தமிழ்ப் பள்ளிக்கூடம், மிச்சத்துக்கு ஐபாட். எப்ப ஓடுறது? நவம்பரிலை பூட்டின கதவை ஏப்ரலிலைதான் திறக்கிறாய். சளி, தடிமனைத் தாறது கிருமி, பனி இல்லை. நீ போட்டு விடுற பருத்தி பெனியன் வியர்வையிலை ஊறி, அதுதான் அவனை நடுங்க வைக்குது. உள்ளுக்குக் கம்பளி அல்லது பொலியெஸ்ரர், நடுவிலை ஃபிளீஸ், மேலை காத்துப் போகாத ஜக்கெற். கையுறையை விட, நாலு விரலும் ஒண்டாப் போற மிற்றன்ஸ் சூடு. காத்தின்ரை குளிரோடை சேத்து -28 பாகை அல்லது அதுக்குக் கீழை போனா மட்டும் உள்ளை வைச்சிரு.

நீச்சலுக்கு ரொறன்ரோ நகரசபைப் பதிவு காலமை 7 மணிக்குத் திறக்கும், சில வகுப்பு நிமிசக்கணக்கிலை முடிஞ்சிடும். வகுப்பு இலக்கத்தை முதல்நாளே எழுதி வை. காசு இடிச்சா, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு நகரசபை குடுக்கிற கட்டண உதவி 'வெல்கம் பொலிசி' இருக்கு, பதிவுக்கு முந்தியே விண்ணப்பி. ஆர் என்ன சொல்லுவினம் எண்டு இதுக்கும் யோசிக்காதை.

எங்கடை ஆக்களுக்கு மெலிவாத் தெரிஞ்சாலும் வயித்துக்குள்ளை கொழுப்புச் சேரலாம், அது சலரோகத்துக்கு வழி. அம்மாவின்ரை சலரோகத்தை உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவனுக்குப் பனிச்சப்பாத்து வாங்கி வைச்சிருக்கிறன், அளவு 4. பெருவிரலுக்கு முன்னாலை கொஞ்சம் இடம் இருக்கோணும், இறுகினா ரத்தம் ஓடாமல் கால் விறைக்கும். பில் பெட்டிக்குள்ளை இருக்கு, மாத்தலாம். நாளைக்கு நானே கொண்டு வரட்டோ, இல்லை வாசலிலை வைச்சிட்டுப் போகட்டோ?

அண்ணா