தறியை நிறுத்தியவர்களுக்கு

எங்கள் வரலாற்று மன்றத்து நண்பர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், சனிக்கிழமை வந்திருந்த எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கொடுமணல் பற்றிய சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பார்த்து வைத்திருந்த இடம் கடைசி நேரத்தில் இல்லாமல் போனது, அதற்கு மேல் திரும்ப எழுத எனக்கு மனசில்லை. கூட்டம் நடக்காது என்றே ராத்திரி வரை நினைத்திருந்தோம். நடந்துவிட்டது. படபடப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இடம் கொடுத்தவர் விசைத்தறிக் கூடத்து முதலாளி. பாவு பீம் (நூல் சுற்றிய பெரிய உருளை) அடுக்கி வைத்திருந்த முன்கொட்டகையை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்து கொடுத்தார். வாடகைப் பேச்சை எடுத்ததற்குக் கோபமே வந்துவிட்டது அவருக்கு. அவருக்கு எங்கள் முதல் வணக்கம். ஆனால் நான் முக்கியமாக எழுத வந்தது அங்கே தறி ஓட்டும் ஓர் அக்காவைப் பற்றி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

கொட்டகைக்கும் தறிகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். பேச்சாளர் வந்து மைக்கைப் பிடித்த பிறகுதான் நிலவரம் புரிந்தது. அவர் உதடு அசைவது தெரிகிறது, சொல் எதுவும் காதில் விழவில்லை. பக்கத்துக் கூடங்களின் சத்தம் வேறு. இடமும் கொடுத்த மனுஷரிடம் தறியையும் நிறுத்துங்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது அந்த அக்கா வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தச் சத்தத்துல என்னத்தைப் பேசி என்னத்தைக் கேக்கறது? சித்த இருங்க."

உள்ளே போனார். அவர் பார்க்கும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கூட ஓட்டுகிறவர்களிடம் ஏதோ சொன்னார், அவர்களும் நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்துக் கூடத்துக்குப் போனார், அப்புறம் எதிர்க் கூடத்துக்கு. கொஞ்ச நேரத்தில் வீதி மொத்தமும் ஓய்ந்துவிட்டது. மின்வெட்டு என்று நினைத்து யாரோ வெளியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கூலி மீட்டர் கணக்கு. தறி நின்றால் கூலியும் நின்றது. அதிலும் சனிக்கிழமை வாரக் கணக்கு முடிக்கிற நாள், ஒரு மீட்டராவது கூட ஓட்டிவிடலாம் என்று எல்லோரும் விரட்டிக்கொண்டிருக்கும் நேரம். மன்றப் பணத்திலிருந்து ஈடு கட்டித் தருகிறோம் என்றோம். "காசுக்குன்னா ஓட்டியே சம்பாரிச்சுக்குவமே, எதுக்குங்க நிறுத்தறோம்?" என்று சிரித்தார். அதற்கு மேல் பேச எங்களிடம் ஒன்றுமில்லை.

நிறுத்தியவர்கள் வீட்டுக்கும் போகவில்லை. பீம் மேலேயும் நூல் மூட்டை மேலேயும் உட்கார்ந்து கேட்டார்கள். பேச்சு கொடுமணல் பற்றி. சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் அதே ஊர், சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போன பழைய பாதையில் இருந்தது. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டத் தொடங்கியதிலிருந்து கல்மணிப் பட்டறை, இரும்பு உருக்கிய உலை, பழைய எழுத்தான தமிழ் பிராமியில் ஆதன், சாத்தன் என்று பேர் கீறிய பானை ஓடு என்று வந்துகொண்டே இருந்தது. இதெல்லாம் எங்கள் கூட்டங்களில் பலமுறை கேட்ட சங்கதிதான். நடுவில் ஒரு படம் வந்தது. நூல் நூற்கச் சுழற்றும் சுடுமண் தக்களி, அதன் நடுவில் கோத்த இரும்புக் கம்பி. அங்கே நூல் நூற்றார்கள் என்பதற்குச் சான்று என்று சொல்லிவிட்டுப் பேச்சாளர் அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். அக்கா கையைத் தூக்கினார்.

"இரும்புக் கம்பின்னா நூல்ல துருக்கறை ஏறாதுங்களா?"

துணியில் ஒரு கறை விழுந்தால் கழித்துத் தள்ளுகிற தொழிலில் இருப்பவர் வேறெதைக் கேட்பார்! பேச்சாளர் தடுமாறிப்போனார். பதில் பின்னாலிருந்து வந்தது, இன்னொரு தறிக்காரரிடமிருந்து: "ஓடிக்கிட்டே இருக்கற கம்பில ஏதுங்க்கா துரு? சும்மா கெடந்தாத்தான் ஏறும்." உடனே இன்னொருவர் ராட்டைக் கதிர் பற்றிப் பேச, ஒருவர் தன் அம்மாயி பஞ்சு நூற்ற கதையை எடுக்க, பேச்சாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எங்கள் கூட்டங்களிலேயே நான் மிகவும் ரசித்த கால் மணி நேரம் இதுதான்.

நாற்காலி அனுப்பிய பந்தல்காரர், புரொஜெக்டரைத் தன் வண்டியில் வைத்து ஓட்டி வந்த கல்லூரித் தம்பி, இடம் மாறிய செய்தியை விடிய விடிய வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், பழைய இடத்து வாசலில் நின்று வந்தவர்களை இங்கே திருப்பிவிட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர், டீயும் நிலக்கடலையும் கொடுத்தவர்கள், பஸ் மாறி மாறி வந்தும் முகம் சுளிக்காத பேச்சாளர், எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போன பெயர் இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

மன்றத்தில் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது இனி ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே நடக்கும், தறிக்கூடமோ சந்தையோ தோட்டத்துச் சாளை வீடோ. நேரத்தை அவர்கள்தான் சொல்வார்கள். ஆனால் சனிக்கிழமை கண்டிப்பாகக் கிடையாது.

அப்புறம், தக்களி கிடைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்காவும் கூட்டாளிகளும் கேட்டிருக்கிறார்கள். தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணலுக்கு வேன் போகிறது. முடிந்தால் அப்படியே அறச்சலூர் நாகமலை ஏறி, அங்கே தாள எழுத்துகள் பொறித்த பழைய இசைக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். தேதி பிறகு சொல்கிறோம். ஜன்னலோர இடமெல்லாம் தறிக்காரர்களுக்கு. மன்ற உறுப்பினர்கள் மீதி இருக்கிற இடத்தில் நெருக்கி உட்கார்ந்துகொள்ளவும்.

இப்படிக்கு,
மன்றச் செயலாளர்