குடிக்கத் தண்ணீர் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
கிழக்குத் தெரு மற்றும் காலனிப் பெண்கள்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக இரவு பகலாக நிலத்தடி நீர் இறைக்கப்படுவதால் எங்கள் ஊரில் குடிநீர் அற்றுப்போனது – கனிம அறக்கட்டளை நிதியில் நிரந்தரக் குடிநீர் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எங்கள் ஊர் சார்பில் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. மெயின் ரோட்டில் வரும்போது சுரங்கத்து மண்மேடு மலைபோலத் தெரியுமே, அதற்கு இந்தப் பக்கம் இருப்பது நாங்கள்தான். எங்கள் நிலத்தைச் சுரங்க நிறுவனம் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் யாரும் நம்பர் போடவில்லை. அதனால் பாதிக்கப்பட்டோர் பட்டியல் எதிலும் எங்கள் பெயர் கிடையாது. இழப்பீடோ, வேலையோ, மாற்று மனையோ கேட்டு இதை எழுதவில்லை ஐயா. குடிக்கத் தண்ணீர் கேட்டு எழுதுகிறோம். கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து படித்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. நம் பகுதியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரிய நீர்த்தேக்கமே இருக்கிறது. அந்தத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை இறைத்துக் குறைக்காவிட்டால் படுகையைப் பிளந்துகொண்டு சுரங்கத்துக்குள் பாயும். அதனால் 1961-லிருந்து மோட்டார்கள் ஓடுகின்றன. கரி எடுக்கும் வரை அவற்றை நிறுத்தவும் முடியாது. இது எங்களுக்குப் புரிகிறது. அந்தக் கரியில் எடுக்கும் மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

2. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த இடங்கள் உண்டு. பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது போர் போடுகிறவர் 600 அடி என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். சங்கத்தில் கடன் வாங்கிப் போட்ட போர் இரண்டாவது கோடையில் காற்று வாங்குகிறது. இன்னும் இரண்டு லென்த் பைப் இறக்கினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடியும் காற்று. கரண்ட் இலவசமாக இருந்து என்ன பயன் ஐயா, இழுக்கத் தண்ணீர் வேண்டாமா?

3. விவசாயத்தை விடுங்கள். குடிநீரைப் பற்றிச் சொல்கிறோம். இந்த மனுவே அதற்காகத்தான்.

மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பஞ்சாயத்து போர் பாதி நேரம் கலங்கலாகத்தான் எடுக்கிறது. குடத்தில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை படிகிறது. அடியில் செம்மண் நிறத்தில் வண்டல். வெள்ளைத் துணியை அலசினால் பழுப்பேறிவிடுகிறது. சோறு வடித்தால் சோறு மஞ்சளாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டிலில் அதைத்தான் கொண்டுபோகிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். நூறு நாள் வேலைக் கூலியில் கேன் தண்ணீர் வாங்குவது எப்படிப்பட்ட கஷ்டம் என்று தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கலங்கலும் தினமும் வருவதில்லை. வரும் நாளில் விடியற்காலை நாலு மணிக்கோ, ராத்திரி பதினோரு மணிக்கோ, அது வைத்ததுதான் நேரம். குழாயடியில் குடத்தை வரிசை வைத்துவிட்டுப் பெண்பிள்ளைகள் பரீட்சைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பு ஒடிந்த கிழவிகள் அடுத்த ஊர் வயல் மோட்டாருக்குப் போய்க் கெஞ்சித் தூக்கி வருகிறார்கள். அந்த வயல்காரர் எத்தனை நாளைக்குத்தான் கொடுப்பார்? அவர் போரும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டு வாசலில் குழாய் நட்டு, ஆதார் எண்ணும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணக்கு. எங்கள் வாசலில் குழாய் இருக்கிறது. கொடி கட்டித் துணி காயப்போட உதவுகிறது.

4. இதே நிலத்தடியிலிருந்து இறைத்த தண்ணீர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. குடிநீராகச் சென்னைக்கும் போயிருக்கிறது. மீதி வாய்க்காலில் ஓடி ஆற்றில் கலக்கிறது. சென்னை மக்கள் குடிப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை, அவர்களும் தாகம் உள்ளவர்கள்தான். ஆனால் கண்ணெதிரே வாய்க்கால் நிறைய ஓடும்போது எங்கள் குடம் காய்வதை மட்டும் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

5. தாங்களே மாவட்டக் கனிம அறக்கட்டளையின் தலைவர். 2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக ஏற்படுத்தப்பட்டது அந்த அறக்கட்டளை. ராயல்டியோடு (கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகை) சேர்த்துச் சுரங்க நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டுகின்றன, 12.1.2015-க்கு முந்தைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம். நிலம் எடுக்கப்பட்டவர்கள் மட்டும்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று அந்த நிதியைச் செலவிடும் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை சொல்லவில்லை. நிலத்தடி நீர் குறைந்துபோன இடங்களும் மறைமுகமாகப் பாதிக்கப்பட்ட பகுதி என்று அதில் எழுதியே இருக்கிறது. 2024 திருத்தத்தின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடிப் பாதிப்புப் பகுதி, 25 கிலோமீட்டர் வரை மறைமுகப் பாதிப்புப் பகுதி. 70 சதவீத நிதி முன்னுரிமைப் பணிகளுக்கு. அந்த வரிசையில் குடிநீரும் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சுரங்கத்து இயந்திரத்தின் விளக்கு தெரிகிறது ஐயா. 25 கிலோமீட்டருக்கு டேப் பிடித்து அளக்க வேண்டிய தேவையே இல்லை. அப்படியிருக்க நாங்கள் எப்படிப் பட்டியலில் இல்லாமல் போனோம்?

6. முன்பு மனு கொடுத்தபோது ரசீது கொடுத்தார்கள். பிறகு செல்போனில் குறுஞ்செய்தி வந்தது, "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று. அவரைக் கேட்டால் ஒன்றியத்தில் கேளுங்கள் என்றார். ஒன்றியத்தில் கேட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு என்றார்கள். நிறுவனத்தின் கேட்டில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் "தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது" என்று ஒரு செய்தி. என்ன தீர்வு? யாருக்குத் தீர்வு? யார் வந்து எந்தக் குழாயைத் திறந்து பார்த்தார்கள்?

7. கோபத்தில் எழுதிவிட்டோம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. தண்ணீர் இல்லை. இதை வேறு எப்படி எழுதுவது?

ஆகவே ஐயா அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது:

எங்கள் ஊரைக் கனிம அறக்கட்டளையின் பாதிக்கப்பட்ட பகுதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சுரங்கத்தில் இறைக்கும் நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக எங்கள் மேல்நிலைத் தொட்டிக்குக் கொடுக்க ஆணையிட வேண்டும். குழாய் வரும்வரை நாள்தோறும் பகல் நேரத்தில் லாரித் தண்ணீர் வேண்டும், ராத்திரியில் அல்ல. ஊரில் ஒரு கண்காணிப்புக் கிணறு அமைத்து நீர்மட்டத்தை அளந்து, அந்தக் கணக்கைக் கிராம சபையில் தமிழில் படித்துக்காட்ட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகள் பற்றி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளுக்குள் நிறுவனம் அளிக்க வேண்டிய அறிக்கையின் நகலும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் உடனே முடியாது என்றால், லாரியையாவது இந்த வாரம் அனுப்புங்கள் ஐயா. கோடை இன்னும் முழுசாகப் பிறக்கவே இல்லை. இந்த மனுவையும் வேறு அலுவலருக்கு அனுப்பிவிடாமல் தாங்களே ஒருநாள் நேரில் வந்து, எங்கள் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்து, பிறகு ஆணையிடுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு மற்றும் காலனிப் பெண்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள், பஞ்சாயத்து போர் தண்ணீர் ஒரு பாட்டில்.