வாசலை நிறைத்த கைகளுக்கு நன்றி

தை பிறந்துவிட்டது. பெண் பிள்ளைகள் வாசலில் சின்னதாக வீடு கட்டிப் பொங்கலிடும் சிறுவீட்டுப் பொங்கலுக்கு, மார்கழிக் கோலத்தில் பூ செருகி வைத்த சாண உருண்டைகளைத் தட்டிய எருவெல்லாம் காய்ந்து கூடையில் ஏறிவிட்டது. மார்கழி முழுக்க எங்கள் தெருவில் ஒரு வாசல்கூட வெறுமனே கிடக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எழுதும் மடல் இது.

விடியும் முன்னே தொழுவத்திலிருந்து சாணம் எடுத்துத் தந்த அண்ணாச்சிக்கும் மதினிக்கும் முதல் நன்றி. அன்றன்றைக்குப் போட்ட சாணம்தான் நன்றாகக் கரையும்; முதல் நாள் சாணம் எவ்வளவு பிசைந்தாலும் திப்பி திப்பியாக நிற்கும். வாளித் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி போதும். கூடினால் காய்ந்ததும் பொருக்குத் தட்டிக் கோலத்தோடு பெயரும். குறைந்தால் தரை வெளுத்து, கோலம் எடுப்பாகத் தெரியாது. வைக்கோல் துரும்பை நீங்களே பொறுக்கிவிட்டுத் தந்தீர்கள். சிமெண்டு வாசல்காரர்களிடம், "வழுக்கும், வெறும் தண்ணி தெளிங்க" என்று சொல்லி அனுப்பினீர்களே, அதற்குத் தனி நன்றி.

மாவு மில் அண்ணாச்சிக்கு என்ன சொல்வது! கோலமாவை நைசாக அரைத்தால் விரலில் அப்பிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழும். பச்சரிசிக் குருணையைக் காயவைத்து, ரவையைவிடச் சற்றே நைசாக, நறநறவென்று அரைக்க வேண்டும். மிளகாய் நெடி ஏறாமல், தினமும் முதல் ஈடாக எங்கள் குருணையைப் போட்டீர்கள். கல்மாவு மலிவு, விரலிடுக்கில் சரளமாக இறங்கும், வெண்மையும் கூடுதல். ஆனால் அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை. வாயில்லா ஜீவன்களுக்குப் படியளப்பதுதான் கோலம் என்று நம்புகிறவர்கள் நாங்கள். வெயில் ஏறும் நேரத்தில் கோட்டோரமாகக் குனிந்து பாருங்கள். தன் தலையைவிடப் பெரிய வெள்ளைத் துணுக்கைக் கவ்விக்கொண்டு ஓர் எறும்பு தடுமாறித் தடுமாறி நடக்கும். பூசை அறைக் கதவைத் திறக்கும் முன்பே அன்றைய நைவேத்தியம் வாசலில் ஆகிவிட்டது.

புள்ளிக் கணக்கு சொல்லித்தந்த ஆச்சிமாரே, 7 புள்ளி ஊடுபுள்ளி (ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி), 4-இல் நிறுத்தம் என்றால் நடுவரிசை 7, அதற்கு மேலும் கீழும் 6, 5, 4. ஆக 37 புள்ளி. நடுவரிசையைத்தான் முதலில் வைக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் விரலகலப் பிசகு வரிசைக்கு வரிசை கூடி, கோலமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். ஒரு புள்ளி வெளியே தனியாக நின்றால், எங்கோ ஒரு வளைவு விட்டுப்போயிற்று. பெரும்பாலும் ஓரத்துத் திருப்பமாக இருக்கும். தரையில் ஈரம் இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும்; ஆனால் தண்ணீர் தேங்கி நின்றால் மாவு கரைந்து கோடு பரவிவிடும்.

மாக்கோலமும் உங்கள் கொடைதான். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, மோர்ப் பதத்தில் கரைத்து, துணித்துண்டை முக்கி மோதிர விரல் வழியே வடியவிடுவது. போடும்போது கோடு சரியாகவே தெரியாது, காய்ந்தால்தான் வெள்ளை எழும்பும். தெரியவில்லையே என்று மேலுக்கு மேல் இழைத்தால் தடித்து உதிர்ந்துவிடும். "பொறு, அது தானா வரும்" என்று பிள்ளைகளின் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

பூசணிக் கொடி வைத்திருந்த வீட்டாருக்கும் நன்றி. காம்படியில் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. அதைத் தொடாமல், நீளக் காம்பு ஆண் பூவை மட்டும் பறிக்கச் சொன்னீர்கள். காயும் தப்பியது, சாண உருண்டைக்குப் பூவும் கிடைத்தது.

தூய்மைப் பணியாளர் அக்காமாரே, துடைப்பத்தைக் கோலத்தின் விளிம்பு வரை கொண்டுவந்து அப்படியே திருப்பிக்கொண்டீர்கள். எங்கள் பிழையும் உங்களால்தான் தெரிந்தது. சாய்வு பார்க்காமல் வாளியோடு கொட்டியதில் சாணமும் மண்ணும் தெருவோர வாறுகால் சாக்கடையில் போய் அடைத்துக்கொண்டது. இப்போது கையால்தான் தெளிக்கிறோம். மீதிக் கரைசல் தென்னைமூட்டுக்குப் போகிறது.

சிறுவீட்டுப் பொங்கலன்று எருவின் மேல் சூடம் ஏற்றி ஆற்றில் விடப் படித்துறைக்குப் போகிறோம். நீங்கள் எல்லாரும் வர வேண்டும். பொங்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான் பொங்குகிறது.

இப்படிக்கு,
தெருப் பெண்கள்