கிளட்சைப் பிரிப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வண்டி வேலையில் இறங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால், அந்தப் பழைய வண்டியின் கிளட்சை நீயும் உன் மகனுமே மாற்றப்போவதாக எழுதியிருந்த வரியைப் படித்ததிலிருந்து என் மனம் அதையே சுற்றிவருகிறது.

1970களில் வந்த வண்டி என்கிறாய். அக்காலத்துக் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டையில், சூட்டைத் தாங்குவதற்காகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலப்பது வழக்கம். பிளேட் தேயத் தேய அந்தத் தூள், கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் உள்ளேயே படிந்துவிடும். உராய்வுச் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது என்பது உண்மைதான். மாறாமல் எஞ்சும் இழைகளை நினைத்துத்தான் அஞ்சுகிறேன். இடையில் யாரேனும் பிளேட்டை மாற்றியிருந்தாலும் பழைய தூள் மூலைகளில் ஒட்டியிருக்கக்கூடும், அதில் கல்நார் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

இளமையில் நான் செய்துவந்ததை உன்னிடம் மறைப்பானேன்? கியர்பாக்ஸை இறக்கியதும் கம்ப்ரசர் குழாயை நீட்டி ஊதுவேன். சாம்பல் நிறத் தூசி எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவேன். நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய், கல்நாரைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும் என்று பின்னாளில் அறிந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சட்டைதான்.

ஆகவே காற்றடிக்காதே; உலர்ந்த பிரஷால் தேய்க்காதே; வீட்டு வாக்குவம் கிளீனரையும் கொண்டுபோகாதே, அது நுண்ணிழைகளைப் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும். சோப்பு கலந்த தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கழற்றுவதற்கு முன்பே மெல்லிய தூறலாக விட்டு எல்லாவற்றையும் நனைத்துவிடு. வேகமாகப் பீய்ச்சினால் தூசி பறக்கும். வழிவதைத் தட்டில் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, துணி காய்வதற்குள் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டு. கழிவை எங்கே ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. நுண்தூசியை வடிகட்டும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரக் கவசமாக, முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்துவதாக வாங்கு.

யாரோ பல ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கும் பிளேட் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே. அதிலும் கல்நார் இருக்கலாம். அரத்தால் ராவினால் ஆபத்து இன்னும் அதிகம். கல்நார் இல்லாதது என்று குறிப்பிட்ட புதிய பிளேட்டையே போடு.

நனைத்துத் துடைத்து முடிக்கும்வரை மகனை அருகில் விடாதே. என்றைக்குப் பிரிக்கிறாய் என்று எழுது, நானும் வந்து தெளிப்பானைப் பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்