எம்.ஃபார்ம் சேர நினைக்கும் மகளுக்கு

பென்னாகரம்

அன்புள்ள பாப்பா,

எம்.ஃபார்ம் மேற்படிப்பில் சேரலாமா, ஐதராபாத் வேலையிலேயே இருந்துவிடலாமா என்று போனில் கேட்டாய். பக்கத்தில் ஆயா இருந்தார், பேச்சு கல்யாணத்துக்குப் போய்விடும் என்று நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், சேர்ந்து படி.

பணத்தை நினைத்துத் தயங்காதே. ஜிபேட் நுழைவுத் தேர்வில் தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. விடுதிச் செலவுக்கு அது ஆகும், மற்றதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம். அந்தத் தேர்வில் 125 கேள்வி, 500 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதே. அந்த மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இந்த வருடம் நல்ல இடம் அமையாவிட்டாலும் எழுதியது வீணாகாது.

அனாலிசிஸா, பார்மசி பிராக்டிஸா என்ற பிரிவு விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மருந்தின் தரத்தைச் சோதிக்கும் அனாலிசிஸ் எடுத்தால் கம்பெனியில் மதிப்பு என்று உன் லேபில் சொல்கிறார்களாம். சொல்வது தப்பில்லை. என் மருந்துக் கவுண்டருக்கு வரும் மாத்திரையே பரிசோதனைக்கூடத்தில் தேறிய பிறகுதான் அரசின் மருத்துவப் பணிகள் கழகத்துக் கிடங்கிலிருந்து எங்களுக்கு வருகிறது. அந்தச் சோதனையை நம்பித்தான் நான் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் நீ போன் செய்யும்போதெல்லாம் லேபில் மருந்தைச் சோதிக்கும் ஹெச்பிஎல்சி கருவி பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறாய், அப்புறம் இங்கே யாருக்கு என்ன மருந்து, ஏன் சுகர் குறையவில்லை என்று அரை மணி நேரம் கேட்கிறாய். அதை நீயே கவனித்தாயா?

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். வெளியே மெடிக்கலில் வாங்கிய மெட்ஃபார்மின் எஸ்ஆர் என்ற சுகர் மாத்திரை, பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மிக்கல்லில் நுணுக்கித் தண்ணீரில் கலந்து குடித்திருக்கிறார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது மொத்தமாக இறங்கி வயிற்றைக் கலக்கிவிட்டது. மாத்திரையில் குறையில்லை, எழுதிக்கொடுத்த டாக்டர் மேலும் குறையில்லை. நுணுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் பேசிச் சாதாரண மாத்திரைக்கு மாற்றினோம். இப்படி எத்தனை வீட்டில் நடக்கிறது, எந்த மாத்திரையை எதற்காக உடைக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. வாசலுக்குப் போன மாத்திரை வயிற்றுக்குள் ஒழுங்காகப் போகிறதா என்பதைப் பார்க்கும் படிப்புதான் பார்மசி பிராக்டிஸ். ஊட்டி, மைசூர் கல்லூரிகளில் இதை 1990களிலேயே தொடங்கிவிட்டார்கள். கடைசி இரண்டு செமஸ்டர் ஆராய்ச்சிக்குத்தான். ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர்களோடு நின்று மருந்துச் சீட்டைப் பார்க்கலாம். எனக்குப் படிப்பு டி.ஃபார்ம் டிப்ளமோவோடு நின்றுபோனது, நீ போனால் எனக்குப் பெருமையாக இருக்கும். அதற்காக என் ஆசைக்கு எடுக்காதே. அனாலிசிஸ்தான் என்று உன் மனசு சொன்னால் அதையே எடு.

படித்து முடித்ததும் சம்பளம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆரம்பத்தில் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூடும். கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டுமானால் எம்.ஃபார்ம் வேண்டும், அந்த வழி திறக்கும்.

கல்லூரி பார்க்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. பார்மசி கவுன்சில் அனுமதி அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா, பக்கத்தில் எத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரி, ஆய்வு வழிகாட்டி யார் என்று பார். அவரிடம் இப்போது படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது பேசு. ஆய்வுக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்க மாதக்கணக்கில் இழுத்தடிப்பவரிடம் சிக்கினால் இரண்டு வருடப் படிப்பு நீண்டுபோகும்.

பி.ஃபார்ம் நாலு வருடமும் சேர்த்து 55 சதவீதம் கேட்பார்கள், உனக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. மாநில பார்மசி கவுன்சில் பதிவு சேரும்போது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் சேர்க்கையே ரத்தாகிவிடும். நீ இன்னும் அதை வாங்கவில்லை, முதலில் அதைச் செய். பீரோவில் உள்ள பி.ஃபார்ம் சான்றிதழ்களை அப்பாவிடம் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழை மறக்காமல் கையெழுத்தோடு வாங்கிக்கொள். ஆயாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா