ஹெப்ரோனுக்குத் தெற்கே ஒரு நாள்

ஆசிரியருக்கு,

ஜெருசலேம், பெத்லகேம் புனிதப் பயணம் பற்றிய கட்டுரை படித்தேன். நிலைமை சீராகிப் போகிறவர்கள், கடைகளில் சுற்றும் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, மேற்குக் கரையில் ஹெப்ரோன் நகருக்குத் தெற்கே மசாஃபர் யத்தா பக்கம் போய்வரலாமே!

தலைமுறைகளாகக் குகைகளில் குடியிருந்து ஆடு மேய்க்கிற பாலஸ்தீனர்களின் சிற்றூர்கள் அவை. 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவம் அந்த நிலத்தில் பெரும்பகுதியைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி மண்டலம் என்று அறிவித்தது. எண்கூட உண்டு, 918. தங்களை வெளியேற்றுவதை எதிர்த்து ஊர்க்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்தினார்கள். 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது.

மேற்குக் கரையில் சுமார் 60 சதவீத நிலம், இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த 1995 ஒப்பந்தப்படி, ‘சி’ பகுதி; அதாவது இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருப்பது. அங்கே ஓர் அறை கட்டவும் மழைநீர்த் தொட்டி வெட்டவும் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனர்களுக்கு அது கிடைப்பது அபூர்வம். சரி, அனுமதியில்லாமல் கட்டினால்? புல்டோசர்தான். பள்ளிக்கூடத்தைக்கூட விடவில்லை. பக்கத்து யூதக் குடியேற்றங்களுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தாராளமாகப் போகின்றன.

துன்பத்தை வேடிக்கை பார்க்கப் போவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இஸ்ரேலின் முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் ‘பிரேக்கிங் த சைலன்ஸ்’ அமைப்பே பல ஆண்டுகளாக அங்கே ஆட்களை அழைத்துப் போயிருக்கிறது. அப்புறம், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை